அப்பா விழுந்தார்களா, இறங்கினார்களா?

எங்கள் அப்பா கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தார்கள். தகப்பனார் இல்லாத வீட்டில் தம்பி தங்கைகளை அதட்டி அதட்டியே கரையேற்றியவர்கள். அந்த அதட்டல் கடைசிவரை போகவில்லை. பண்டிகை நாளில் சாமி கும்பிடக்கூட எங்களை உயர வாரியாக வரிசையில் நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் ஒரு விசிலையும் கொடுத்துவிட்டால் கேட்க வேண்டுமா?

கொடுத்தது நெய்வேலி. அறுபதுகளின் தொடக்கம். சுரங்கத்தில் சூப்பர்வைசர் வேலை. பெர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் ஊரிலிருந்து அழைத்து வரமுடியும்.

அந்த ஐப்பசி மழையில் சுரங்கச் சரிவின் வடிகாலைச் சேறு அடைத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் சுரங்கத்துப் பம்புகள் பக்கம் திரும்பியது. பம்பு மூழ்கினால் அப்பா ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா குடையோடு கரையில் நின்று, ஆட்களை இறங்கச் சொல்லி விசிலடித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. காலையில்தான் யாரோ அந்தச் சேற்றில் பாம்பைப் பார்த்திருந்தார்கள்.

"மேல நின்னுகினு நீங்க ஊதினா பாம்பு போயிடுமாங்க?" என்றார் அந்தக் குழுவில் வாட்டசாட்டமான காடாம்புலியூர்க் கோவிந்தன்.

இன்னும் பலமாக ஊத அப்பா ஓர் அடி முன்னால் வைத்தார்கள். களிமண் சும்மா விடுமா? சர்ரென்று குடையோடு நடு வடிகாலில் போய் விழுந்தார்கள். எழுந்திருக்கக் கையை ஊன்றி ஊன்றித் துழாவியதை, ஆட்கள் சேறு அள்ளுவதாக எடுத்துக்கொண்டார்கள்.

"அட, சாரே எறங்கிட்டாருடா! இன்னாடா வேடிக்கை பாத்துகினு நிக்கிறீங்க?" என்று கோவிந்தன் குதிக்க, மற்றவர்களும் குதித்தார்கள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வழிக்கு வந்தது. அப்பா பெர்மனென்ட் ஆனார்கள். நாங்களும் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம்.

வழுக்கித்தான் விழுந்தேன் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யாரும் நம்பவில்லை. நம்பியவர் அம்மா ஒருவர்தான். "இவுகளா? கரப்பான்பூச்சியக் கண்டா கட்டிலு மேல ஏறுதவுக, பாம்பு கெடக்க சேத்துல குதிச்சாகளாம்ல!" என்பார்.

அடுத்த மழைக்கு அதே வடிகால், அதே அடைப்பு. அப்பா விசிலடித்தார்கள். ஆட்கள் வடிகாலைப் பார்க்கவில்லை. அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்ல பெயர் எடுத்தால் இதுதான் தொல்லை. அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்கள். "முருகா" என்று சொல்லி இறங்கினார்கள். இந்தத் தடவை வழுக்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் குடையால் சேற்றைக் குத்திப் பார்த்ததை அப்பாவே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கூடவே எல்லோரும் இறங்கினார்கள். பாம்பும் வந்தது. மறு நொடி அப்பா கோவிந்தன் தோள்மேல்! வேலை முடியும்வரை அங்கிருந்துதான் உத்தரவு. ஒருவரும் முகம் சுளிக்கவில்லையாம். வேலை வாங்குவது வேறு, முன்னால் போவது வேறு. முன்னால் போனவர் தோளில் ஏறிக்கொண்டுகூட வேலை வாங்கலாம் போலிருக்கிறது. அதன்பிறகு அந்த விசில் எங்களை எழுப்பத்தான் பயன்பட்டது.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியிலும் நர்ஸம்மாவை விரட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அத்தனையும் பொறுத்துக்கொண்ட அந்தத் தாய்க்கும், கூடவே இருந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்த அடுத்த வீட்டு அக்காவுக்கும் எங்கள் நன்றி. அப்பாவை வழியனுப்ப வந்த நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்று மாலை போட்டீர்கள். அப்பா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள்.

கோவிந்தன் மாமாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இந்த வயதில் வேண்டாம் என்று என் தம்பி தடுத்தும் கேளாமல் பாடைக்குத் தோள் கொடுத்தார். தெருமுனையில் தோள் மாற்றும்போது என் பக்கம் திரும்பினார்.

"பாம்பப் பாத்துட்டு எந்தோள்ல ஏறினப்ப என்னா கனம் கனத்தாரும்மா! இப்ப கனமே இல்லியேம்மா."

அதுவரை அழாமல் நின்ற நான் அப்போதுதான் அழுதேன்.