நான்கு கம்பி வாத்தியத்தில் நான் தேடிய மற்ற இரண்டு

தனக்குத் தெரியாத பொருளொன்றை மதிப்பிட நேர்ந்தால், அந்தத் தொழில் அறிந்த ஒருவரிடம் எழுத்தில் கருத்துப் பெற்ற பின்னரே உத்தியோகத்தர் கையொப்பமிட வேண்டும். எங்கள் சுற்றறிக்கையில் இப்படி ஒரு பந்தி இருந்தது. அதை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டுவதில் எனக்கு ஒரு பெயரும் இருந்தது. 1988ஆம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்து அரச அலுவலகம் ஒன்றில் நான் வேலை செய்தபோது, என் விடயத்தில் மட்டும் அது மறந்து போயிற்று.

முந்திய ஆண்டுச் சண்டையில் பொருள் இழந்தவர்கள் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்த காலம் அது. பொருட்களை இரண்டு பட்டியலாகப் பிரிப்போம். வலை, தையல் இயந்திரம் போன்ற தொழிற்கருவிகளுக்கு முதலில் பணம் கிடைக்கும். மற்றவை இரண்டாவது பட்டியலுக்குப் போகும். அதற்குள் போன பொருளைப் பிறகு எவரும் கண்டதில்லை. எது எந்தப் பட்டியல் என்று எழுதுவது என் வேலை.

ஒருநாள் குருநகரிலிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், உரச் சாக்கில் சுற்றிய மின்சாரக் கிற்றார் ஒன்றைக் கொண்டுவந்தார். கடற்றொழில் குடும்பம். கடலுக்குப் போவதற்குத் தடை வந்த பிறகு, கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஓர் இசைக்குழுவில் தாழ்சுருதிக்கான பேஸ் கிற்றார் வாசித்துத்தான் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவந்தார். வீட்டுக் கூரை விழுந்ததில் வாத்தியத்தின் கழுத்து முறிந்துவிட்டது. உடல் பிளந்து, ஒட்டுப்பலகையின் அடுக்குகள் வெளியே தெரிந்தன.

ஒட்டுப்பலகையைப் பார்த்தேன். தலைப்பகுதியில் கம்பனிப் பெயர் இல்லாததைப் பார்த்தேன். பிறகு கம்பிகளை எண்ணினேன். நான்கு. அவற்றை முறுக்கும் ஆணிகளும் நான்கு. நான் படித்த கல்லூரியின் ஒளிவிழாவில் கண்ட கிற்றாருக்கு ஆறு கம்பிகள். ஆகவே படிவத்தில், 'மலிவான பழைய கிற்றார். சேதத்துக்கு முன்னரே இரண்டு கம்பிகளும் இரண்டு முறுக்காணிகளும் இல்லை. பொழுதுபோக்குப் பொருள்' என்று எழுதி, முறைப்படி அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

“ஐயா, உது பிறக்கேக்கையே நாலு கம்பி,” என்றார் அவர்.

கிற்றாருக்கு ஆறு கம்பி என்பது எவருக்கும் தெரிந்த விடயம் என்றேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: “நண்டைப் பாத்துப்போட்டு வந்து, மாட்டுக்கு மிச்சக் கால் எங்கை எண்டு கேக்கலாமோ ஐயா?”

கதவடியில் நின்ற பியோன் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் நான் பேனாவை மூடியிருப்பேனோ என்னவோ. கையொப்பமிட்டேன். எதற்கும் அவசரப்படாத எங்கள் அலுவலகம் அன்று பின்னேரமே அந்தப் படிவத்தைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு மத்தியானம் மறுபடியும் வந்தார். இம்முறை சாக்கில் இருந்தது வேறொரு பேஸ் கிற்றார். உடுப்பிட்டியில் ஒரு குழுவிடம் இரவல் வாங்கி, அத்தனை தூரம் சைக்கிளில் கொண்டுவந்திருந்தார். அதற்கும் நான்கே கம்பிகள். அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. அவர் வாத்தியத்தின் தலைப்பகுதியை என் மேசையை ஒட்டி நின்ற மர அலுமாரியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தடித்த கம்பியைத் தட்டினார். அலுமாரி முழங்கியது. மேசையில் குண்டூசிப் பெட்டி நடுங்கியது. ஊன்றியிருந்த என் முழங்கைக்குள் அந்த ஒலி ஏறியது. திருவிழாக்களில் மேளம் என்று நினைத்து நான் கேட்டதில் பாதி இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு, துடுப்பு வாங்குபவரைப் போல ஒரு கண்ணை மூடி, கழுத்தின் நீளத்துக்குப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அது ஒரு பக்கம் முறுகியிருந்தது.

“இது விலை கூட, பேரும் இருக்கு. ஆனா கழுத்து போச்சு. மேலை போகப் போகச் சுருதி நிக்காது. என்ரை மலிவுதான், ஓம். ஆனா முறியுமட்டும் கழுத்து நேர்.”

தன் கிற்றாரின் கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு மாதம் அரத்தால் ராவி, எங்கே அழுத்தினாலும் கம்பி இரையாதபடி தானே சரிப்படுத்தியதாகச் சொன்னார். நான் ஒட்டுப்பலகையை மட்டும் மதிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு மாதத்தை எழுதப் படிவத்தில் இடமும் இல்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். அந்த வரியை மாற்றவேண்டும். அதற்கு வழி உண்டு. பிழை தன்னுடையது என்று உத்தியோகத்தர் எழுதினால் போதும். நான் 'மேலதிக விபரம் கிடைத்துள்ளது' என்று எழுதினேன். மேலதிக விபரத்தைக் கோப்பில் போட்டால் போதும், பதில் எழுதத் தேவையில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் கடிதங்களுக்கு நானும் அதைத்தான் செய்துவந்தேன்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் வந்து, “பதில் வந்ததோ ஐயா?” என்பார். இல்லை என்பேன். குழுவில் அவருக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். வாத்தியம் இல்லாமல் இவர் கீரிமலைப் பக்கம் கல்லுடைக்கப் போனார். அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை, இடது கை விரல்கள் இரண்டைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். கல் விழுந்ததாம். கம்பியை அழுத்தும் விரல்கள். வழக்கமான கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றுதான், 'இவ்வாத்தியம் பற்றி அறியாமல் எழுதினேன். எவரிடமும் கேட்கவில்லை. பிழை என்னுடையது' என்று எழுதி அனுப்பினேன். சுற்றறிக்கையின் பந்தி இலக்கத்தையும் குறிப்பிட்டேன்.

மறுவருடம் மீண்டும் சண்டை தொடங்கிப் பாதைகள் மூடின. திங்கட்கிழமைகளில் அவர் வருவது நின்றது. குடும்பத்தோடு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்விட்டதாக அந்த இசைக்குழுவில் ஒருவர் சொன்னார். விரல்கள் சரியாயினவா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு, கப்பலில் வந்த தபால் பையில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் இருந்தது. தொழிற்கருவி என ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். விண்ணப்பதாரர் நேரில் சமூகமளிக்கவேண்டுமாம்.

இன்றும் ஏதாவது கோயில் வீதியில் அந்த ஒலி நெஞ்சில் இடித்தால், நான் கடைசிவரை ஒரு கண்ணை மூடிப் பார்க்காத அந்த நேரான கழுத்து நினைவுக்கு வரும். தெரியாததைத் தெரியாது என்று எழுத எனக்கு இருபது மாதம் தேவைப்பட்டது. அதற்குப் பதில் வந்து சேர்ந்தது 1991 மார்ச் 14ஆம் திகதி.