தாடி இல்லாத ராஜா

அம்மாவின் அப்பா இறந்து காரியம் முடிந்த மறுநாள், கடப்பாக்கத்து வீட்டில் அவருடைய வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வெள்ளி ரூபாய்களைப் பங்கு போட்டார்கள். பங்குக்கு இருவர்தான்: அம்மா, அவளுடைய அண்ணனான என் மாமா. பிரிக்கும் வேலையை மாமா எனக்குக் கொடுத்தார். எனக்குப் பத்து வயது. எதையும் வகை பிரித்து அடுக்க அப்போதே பிடிக்கும்.

தாடி வைத்த ராஜா ஒரு பக்கம், தாடி இல்லாத ராஜா ஒரு பக்கம். தாடிக்காரர்கள் கறுத்துத் தேய்ந்திருந்தார்கள். மற்றவர்கள் பளபளவென்று இருந்தார்கள்.

"பழசு என்னோட போவட்டும். புதுசா கீறதெல்லாம் தங்கச்சி எடுத்துக்கட்டும்" என்றார் மாமா. தாடி இல்லாததில் ஒன்று கூடுதலாக இருந்தது. தன் அப்பா ஞாபகமாக என்று அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தராசை என்னிடம் தந்தார். அம்மாவின் தட்டு லேசாகத் தாழ்ந்தது.

"இன்னா பாப்பா, யார் பக்கம் வெயிட்டு?"

"அம்மா பக்கம்."

"நல்லா பாத்துக்கோ. நாளைக்கு உங்கப்பன் வந்து, மாமன் ஏமாத்திட்டான்னுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா இரண்டு குவியலிலிருந்தும் ஒரு காசு எடுத்துக் காதருகே வைத்து நகத்தால் சுண்டினாள். "அண்ணன் சொன்னா சரி" என்று தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இப்போது உலோகங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதில்லை.

அந்தக் காசுகளை அழித்து எனக்குக் கனமான கொலுசு செய்வதாகப் பேச்சு. செங்கல்பட்டு வெள்ளிக் கடைக்காரர் ஒன்றில் வருஷத்தைப் பார்த்தார், உரைகல்லில் தேய்த்தார்.

"ரெண்டாம் உலகச் சண்டை காலத்துல அடிச்சதும்மா. எடை அதேதான், ஆனா வெள்ளி பாதிதான். தாடி ராஜா காசு இருந்தா கொண்டாங்க. அது முக்காலே மூணு வீசம் வெள்ளி."

கொலுசு நூல் போல வந்தது. திரும்பும் பஸ்ஸில், மாமாவிடம் போய்க் கேட்கலாம் என்றேன்.

"உங்கப்பா காதுல வுழுந்தா மாமன வூட்டுல ஏத்த மாட்டாரு. நாளைக்கு நீ பெரியவளானா யாருடி ஓல கட்டுவா?" என்றாள் அம்மா.

மூன்று வருஷம் கழித்து அந்த நாள் வந்தது. பச்சை ஓலைக் குடிசையைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். மதியம் வரை மாமாவைக் காணோம்.

"பொறந்த வூட்டுல யாரும் இல்லியா?" என்று அப்பாவின் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமா வந்தார். ஓலை கட்டினார். சீர்த்தட்டில் ஒரு புடவை, பூ, அதன் மேல் ஒரே ஒரு வெள்ளி ரூபாய். தாடி இல்லாத ராஜா.

அம்மா அதை எடுத்துச் சுண்டினாள். நல்ல வெள்ளி கணீரென்று நின்று ஒலிக்கும்; இது மந்தமான சத்தம், உடனே அடங்கிவிட்டது. அத்தைக்குக் கேட்கும்படி, "எங்கண்ணன் வெள்ளியிலதான் வச்சிகீறாரு" என்றாள்.

கடப்பாக்கத்திலும் அவளுக்கு இதே சத்தம்தான் கேட்டிருக்கும். அப்போது நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.