ஒச்சம்மாள் வைத்த அடையாளம்

ஒச்சம்மாளக்கா மாவு மில்லுக்குப் போனால் கடைசிப் பொடி விழும் வரை மிஷினை விட்டு நகர மாட்டாள். கண் அசந்தால் யாராவது அவள் கோதுமையில் ஒரு கை அள்ளிவிடுவார்களாம். காய் வாங்கப் போகும்போது பையில் சொந்தமாக ஒரு அரைக் கிலோ படிக்கல் இருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவள் அளந்து போட்டுவிட்டு ஆற்றையும் முறைப்பாள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவளுக்கு ஆன்லைன் விண்ணப்பக் கடை. பக்கத்தில் நான் ப்ளவுஸ் தைக்கிறேன். நடுவில் ஒரு தட்டிதான், அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

கடையில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போடுவது அதுதான். ஆடிக் காற்றில் தூசி அடைத்துச் சூடேறியபோது, சுத்தம் செய்து தரச்சொல்லி முகமது ரஃபீக்கைக் கூப்பிட்டாள். எங்கள் தெருவுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்ப்பவர் அவர். இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்தச் சமயத்தில்தான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டரை வருஷம் முழுக்கப் பார்க்கும் வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. நிலையான முதல் வேலை என்று என்னிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

மெக்கானிக்குகள் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நல்ல மெமரிப் பட்டையை உருவிக்கொண்டு பழசைச் செருகிவிடுவார்கள் என்று அக்கா போனில் எதையோ பார்த்திருந்தாள். அவள் அப்பா அய்யலூர்ச் சந்தையில் ஆட்டு வியாபாரி. வாங்கிய ஆடு கூட்டத்தில் மாறிப்போகாமல் முதுகில் சாயம் பூசுவார். அதைத் திருடன் அழித்துவிட்டால் என்ன செய்வது என்று காதுக்குள்ளும் ஒரு பொட்டு வைப்பார். மகளும் அதையே செய்தாள். ரஃபீக் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, மெமரியைப் பிடுங்கி, வெளியே தெரியாத அடிவிளிம்பாகப் பார்த்துச் சிவப்பு நெயில் பாலிஷ் தடவினாள். காற்றாடி ஒயரின் முனையிலும் ஒரு சொட்டு விட்டாள். கெட்டிக்காரி என்று நானும் மெச்சினேன்.

ரஃபீக் தூசியை ஊதித் துடைத்துவிட்டுப் போன மறுநாளே தொல்லை ஆரம்பித்தது. ஒருவருடைய விண்ணப்பம் பாதியில் இருக்கும்போது திரை கறுத்தது. தட்டினால் வந்தது, வந்த வேகத்தில் போனது. காற்றாடி ஒரு சமயம் அசையாது, ஒரு சமயம் மாவு மில்லாகக் கத்தும்.

“மாத்திட்டான்டி ஷைனி,” என்றாள் அக்கா என்னிடம்.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். சிவப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு சந்தேகம் தீர்ந்திருக்கும்.

“அடையாளத்தப் பாத்துட்டு அதே கலர வாங்கிப் பூசியிருக்கான். எம்புட்டு வெவரம் பாரு!”

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்தத் தடவை பச்சைப் பாலிஷ், அதுவும் தாராளமாக. திரை முன்னைவிட அடிக்கடி இருண்டது.

விஷயம் கேள்விப்பட்டு ரஃபீக் வந்து வாசலில் நின்றார். “ஒரு தடவ தொறந்து பாக்க விடுங்கக்கா. அஞ்சு நிமிசம் போதும்.”

“நீ தொட்ட வரைக்கும் போதும்ப்பா,” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

அடுத்த நாள் அந்தப் பள்ளிக்கூடத்து கிளார்க் ஏதோ சான்றிதழுக்காக வந்தவர், ரஃபீக் ஆள் எப்படி என்று விசாரித்தார். “வேல தெரியும் சார். கைதேன் சுத்தமில்ல,” என்றாள் அக்கா. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது வாரம் திரை வரவே மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் ஆத்தூர்க்காரர் ஒருவரை வரவழைத்தாள். ஸ்டான்லி என்று பெயர். அவர் பெட்டியைத் திறக்க, அக்கா ஒரு சாண் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் விரலையே பார்த்தாள். நானும் கத்தரிக்கோலோடு போய் நின்றேன்.

ஸ்டான்லி மெமரியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். “இந்தத் தங்கக் கலர் பல்லு வழியாத்தான்க்கா கரண்டு போகும். இது மேல யாரோ நெயில் பாலிஷ் அடிச்சிருக்காங்க. ஒட்டுனா படம் வரும், ஒட்டலைன்னா வராது. காத்தாடி ஒயர்லயும் இதே கூத்துதான்.”

பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். ஒயர் முனையை ஊசியால் சுரண்டினார். செருகிப் போட்டதும் திரை வந்து நிலைத்தது. காற்றாடி சத்தமில்லாமல் சுற்றியது.

“முன்ன பாத்த ஆளு வேலையா இருக்கும்,” என்றார். “இந்தத் தெருவுல ஒருத்தரு பொருள மாத்துவாராமே? அதக் கேள்விப்பட்டுத்தான் பள்ளிக்கூடத்து வேலைய எனக்குக் குடுத்தாங்க.”

அக்கா தலையை ஆட்டியிருந்தால் போதும், ஸ்டான்லி நம்பியிருப்பார். அவள் என்னைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

“பாலிஷ் அடிச்சது நான்தேன்,” என்றாள். “அந்தப் பேச்சப் பேசுனதும் நான்தேன்.”

அங்கேயே ரஃபீக்குக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். “சந்தையில ஆட்டுக்குச் சாயம் பூசுற நெனப்புல நானே பூசிக் கெடுத்துட்டேன்ப்பா. ஒம்மேல பழி போட்டுட்டேன். இப்பவே பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்றேன்.”



“போய்ச் சொல்லுங்கக்கா,” என்றார் ரஃபீக். “ஆனா ஆட்டுச் சாயம் ஒரு மழைல போயிரும். எனக்குப் பூசுனத எம்புட்டுப் பேரு பாத்துட்டாங்க.”

அக்கா போனை வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை மாட்டி, பள்ளிக்கூடத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். மேஜை டிராயர் திறந்திருந்தது, சாவி மேலேயே கிடந்தது, உள்ளே முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.