திருவுளச்சீட்டுக்கு மாறாக

ஆதியும் அந்தமும் ஆனவரே, அடியேன் நாவில் சொல் பிறக்குமுன் அதை அறிந்தவரே, உம்மை வணங்கித் தொடங்குகிறேன்.

இன்று ஆண்டவர் உயிர்த்தெழுந்த திருநாள். தாம்பரத்துக் கல்லறைத் தோட்டத்தில் விடியற்கால ஆராதனையை முடித்துக்கொண்டு, ஊரப்பாக்கம் வந்து இதை எழுதுகிறேன். என் துணைவி அங்கே அடக்கமாகி இன்னும் ஓராண்டு நிறையவில்லை.

அவளுக்கு இதய வால்வு பழுதுபட்டிருந்தது. அறுவை செய்தால் பிழைக்கலாம், மேசையிலேயே உயிர் போகவும் கூடும். செய்யாவிட்டால் சில மாதங்கள் என்றார் மருத்துவர். மகளுக்கு வரன் பார்த்தது முதல் இந்த வீட்டை வாங்கியது வரை, முழந்தாளிட்டு ஜெபித்துத் திருவுளச்சீட்டு எடுப்பதே எங்கள் வழக்கம். அன்றும் ஒரு தாளில் 'செய்க' என்றும் மற்றொன்றில் 'வேண்டாம்' என்றும் எழுதிச் சுருட்டி, வேதாகமத்தின்மேல் வைத்தோம். அவளே எடுத்தாள். 'வேண்டாம்' என்று வந்தது.

அவள் சீட்டை மறுபடி சுருட்டி வேதாகமத்தின்மேல் வைத்துவிட்டு, "என்னங்க, நான் ஆபரேஷன் பண்ணிக்கிறேன்" என்றாள்.

"கர்த்தர் வேண்டாம்னு சொல்லிட்டாரேம்மா."

"சீட்டுல வந்தது அவர் சித்தம்னா, எனக்குள்ள இருக்கிற ஆசைய யார் வெச்சது? பிசாசா? இத்தனை வருஷம் நீங்க பாடற பாட்டைச் சகிச்சாச்சு. இன்னும் கொஞ்ச நாள் சகிச்சுக்கணும்னு இருக்கு."

"மீறினா பாவமில்லையா?"

"பாவம்னா அவர்கிட்ட நானே பேசிக்கிறேன். நீங்க கையெழுத்தப் போடுங்க."

போட்டேன். அறுவை அறையிலிருந்து அவள் உயிரோடு திரும்பவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சங்கீதம் வாசிக்கிறேன். சாப்பிடுகிறேன். காப்பி சுடுகிறதா, ஆறிவிட்டதா என்பதை நாக்கு சொல்வதில்லை.

இன்று காலை, பாடகர் குழுவில் என்னோடு பாடும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அவள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார். "சீட்டு சொன்னபடி கேட்டிருந்தா அக்கா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க, இல்லண்ணா?" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, ஆற்றாமையால் சொன்னார்.

யாவற்றையும் முன்குறித்தவர் அவளுடைய மறுப்பையும் முன்குறித்தாரா, மறுக்கட்டும் என்று விட்டுவிட்டாரா, அறியேன். அதைப்பற்றி எத்தனையோ முறை பிரசங்கித்த வாய்தான் இது.

"அவ சாகறதுக்காக மீறல தம்பி. இருக்கணும்னுதான் மீறினா" என்றேன்.

அவர் தலையசைத்தார். வெயில் ஏறிவிட்டதால் இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.

இதை வாசிக்கும் யாவரையும், தெரிந்தெடுக்கும் வேளையிலும் தெரிந்தெடுத்த பின்பும், இரக்கமுள்ளவர் கைவிடாது காப்பாராக. ஆமென்.