நான் பொரித்துவிட்ட அரிசித் தாள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. நேற்று என் மகள் செல்வி ஆபீசிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டுவந்தாள். திறந்ததும் புதினா வாசனை. உள்ளே விரல் நீளத்துக்குச் சுருள் சுருளாக இருந்தது. மேல்தோல் வழியே காரட்டும் இறாலும் தெரிந்தன. "வியட்நாம் ரோலும்மா. நீ இதெல்லாம் பாத்திருக்க மாட்டே" என்றாள். நானா பார்க்காதவள்?

எழுபத்தெட்டோ ஒன்பதோ, டில்லி சாணக்யபுரியில் ஒரு வியட்நாம் அதிகாரி வீட்டில் சமையல் உதவிக்குப் போனேன். அந்த வீட்டம்மா பெயர் லான். ஒரு வாரம் வேலையைப் பார்த்துவிட்டு, பிடித்தால் தோட்டத்துக்குப் பின்னாலிருந்த அறையைத் தருவதாகப் பேச்சு. முனிர்காவில் நாங்கள் குடியிருந்த மாடி அறையைக் காலி பண்ணச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். "அந்த ரூம் கெடைக்கலேன்னா நீ ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான்" என்று என் வீட்டுக்காரர் தினமும் சொல்லித்தான் அனுப்புவார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு பேர் விருந்துக்கு வருவதாக இருந்தது. லான் மேடம் ஒரு பொட்டலத்தை மேசையில் வைத்து, தயார் செய் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுக் கீரை வாங்கப் போய்விட்டார். பிரித்தேன். வட்ட வட்டமாய் அரிசி அப்பளம். காகிதம் மாதிரி மெல்லிசு, மூங்கில் தட்டியின் கோடுகூட அதில் பதிந்திருந்தது. இதைப் போய் யாராவது சொல்லித் தரவேண்டுமா? எண்ணெய் காயவைத்து, ஒன்றுகூடச் சிவக்காமல் அத்தனையும் பொரித்துக் கூடையில் அடுக்கினேன். இரண்டைத் தின்றும் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடம் வந்து கூடையைப் பார்த்தார். திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தேல் நஹி. பானி" என்று தண்ணீரைத் தொட்டுக் காட்டினார். அது அப்பளமே இல்லை, அரிசித் தாளாம். எண்ணெயே கூடாதாம், தண்ணீரில் நனைத்து, உள்ளே காய்கீரை வைத்துச் சுருட்ட வேண்டுமாம். அவருடைய அம்மா உலர்த்தி, ஊரிலிருந்து வந்தவர்களிடம் கொடுத்தனுப்பியது. டில்லியில் அது எங்கேயும் கிடைக்காது. அறை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பாஷை வராத எனக்கு அன்றைக்குக் கை முந்திக்கொண்டது. பச்சரிசியை ஊறப்போட்டேன். எங்கள் பக்கத்தில் இலை வடாம் செய்வோமே, மாவை மெல்லிசாகத் தேய்த்து ஆவியில் வேகவைத்து உரிப்பது. காய்ந்தால் வடாம், சூட்டோடு உரித்தால் துணி மாதிரி மடங்கும். இதையெல்லாம் சொல்ல ஆசைதான், "ஸ்டீம், மேடம், ஸ்டீம்" என்பதற்குமேல் வரவில்லை. அரைத்துத் தட்டில் ஊற்றி வேகவைத்தேன். முதலாவது கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. அப்போதுதான் அவர் எழுந்தார். கொதிக்கிற பானையின் வாயில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கரண்டியை என் கையில் கொடுத்தார். துணிமேல் ஊற்றி மூடினேன். வெந்ததும் மூங்கில் குச்சியால் நோகாமல் தூக்கினார். ஓட்டையில்லாமல் வந்தது. இரண்டு பேரும் சேர்ந்தாற்போல "அச்சா" என்றோம்.

வந்தவர்கள் பொரித்ததைத்தான் முதலில் காலி பண்ணினார்கள். மேடம் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, ஒரே சிரிப்பு. நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். நான் கிளம்பும்போது, நாளைக்குச் சாமான்களோடு வந்துவிடு என்றார்.

"வேலை போச்சா?" என்றார் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்து.

"ரூம் கெடைச்சிருச்சு."

"அப்படி என்னத்த ஆக்கிப் போட்ட?"

"அவங்க அப்பளத்த பூரா பொரிச்சுக் கெடுத்துட்டேன்."

டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தார். "நாளைக்கு வத்தலையும் பொரிச்சுப் போடு. பங்களாவையே எழுதி வச்சிருவாங்க."

இரண்டு வருஷத்தில் அவர்களுக்கு மாற்றல் வந்தது. மேடம் எழுதிக் கொடுத்த விலாசம் எங்கோ தொலைந்துவிட்டது. அந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள், அறை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. வருஷம் சரியா, லான் என்று எழுதியது சரியா, தாள் செய்கிற விதம் சரியா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். செல்வி அந்த அறையில்தான் பிறந்தாள். அதை மட்டும் திருத்த வேண்டாம், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.