பறக்கும் நாள்கள் முடியும்வரை

சென்ற ஆண்டு கோடையில், ஐரோப்பாவின் மலைநாடு ஒன்றில், சிறிய விமானத் திடலின் புல்தரையில் அமர்ந்து மதிய உணவு உண்டுகொண்டிருந்தேன். கைபேசியின் ஸ்பீக்கரை இயக்கி, கடலூரிலிருந்து வந்த மேளச் சத்தத்தைச் சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கச் செய்தேன். எங்கள் ஊர்க் கோயில் விசேஷம் என்று விளக்கமும் சொன்னேன். அந்நாட்டுப் பயிற்றுநரான அம்மையார் தலையசைத்து ரசித்தார். பிள்ளைகள் தாளத்துக்கேற்பக் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சில நிமிடங்களை எழுதிவிட வேண்டும் என்று ஓராண்டாக நினைத்து வந்தேன். இப்போதுதான் கை ஒத்துழைக்கிறது.

நான் சட்டம் கற்பித்து ஓய்வு பெற்றவன், சிதம்பரத்தில் வசிக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மனைவியின் தம்பி கடலூரில் ஒரு தன்னார்வ அமைப்பின் செயலாளர். விமானத்தில் நாட்டமுள்ள இளையோரை ஆண்டுதோறும் வெளிநாட்டுக்கு அனுப்புவதும், அங்கிருந்து வருவோரை இங்கே வரவேற்பதும் அந்த அமைப்பின் பணி. நம் பிள்ளைகள் அங்கே கிளைடரில், அதாவது இன்ஜின் இல்லாத விமானத்தில், பயிற்றுநருடன் பறப்பார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் நம் வீடுகளில் தங்கி, சிதம்பரம் கோயிலையும் பிச்சாவரத்தையும் பார்த்து, பறப்பதற்கு வேறு மாநிலத்துப் பயிற்சித் திடலுக்குப் போவார்கள்.

இத்திட்டத்துக்கான விதிகளை வகுத்துத் தரும்படி மைத்துனர் கேட்டபோது மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டேன். மாணவரின் வயது, பெற்றோர் ஒப்புதல், தங்கும் வீட்டின் தகுதி, உடன்செல்லும் பொறுப்பாளரின் கடமைகள், பரிசளிக்கும் முறை, படகில் ஏறினால் அணிய வேண்டியது என எதையும் விடவில்லை. என் மனைவிக்கு அது வேடிக்கையாக இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த நாளில், கிள்ளையிலிருந்து வரவழைத்த நண்டைக் குழம்பு வைத்துப் பரிமாறினாள். காரம் தாங்காமல் ஒரு பையனின் கண்களில் நீர் வழிந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "எல்லாத்துக்கும் ரூல் போட்டீங்களே, இது எந்த ரூல்ல வருதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள். தமிழ் அறியாத அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அந்த விதிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல வேண்டும்.

ஒரு முறை இங்கே வந்திருந்த மாணவன் ஒருவன், பயிற்சித் திடலில் விமானம் ஏறுவதற்குச் சற்று முன் கைபேசியில் ஒரு செய்தி பெற்றான். ஊரில் அவனுடைய அண்ணன் விபத்தில் இறந்துவிட்டான். யாரிடமும் சொல்லாமல் பையன் ஏறிவிட்டான். வானத்தில் அவன் கைகள் கட்டைபோல் விறைத்துவிட்டன. கட்டுப்பாட்டுக் கோலை விட மறுத்தான். பயிற்றுநர் அவன் விரல்களை வலிந்து பிரித்து எப்படியோ தரையிறக்கினார். இருவர் உயிரும் அன்று தப்பியது.

அதன் பின் நான் இப்படி எழுதினேன்: "பறக்கும் நாள்கள் முடியும்வரை, வீட்டிலிருந்து வரும் துயரச் செய்தியை மாணவரிடம் தெரிவிக்கலாகாது. இவ்விதி உடன்செல்லும் பொறுப்பாளருக்கும் பொருந்தும்; அவர் மாணவர்களைப் பெற்றோரிடம் ஒப்படைத்த பின்னரே அவரிடம் தெரிவிக்கப்பட வேண்டும்." மாணவர்கள், பெற்றோர், பொறுப்பாளர் எல்லோரிடமும் இதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கினோம். இரண்டாம் வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. துயரத்தில் நிலைகுலைந்த ஒருவரிடம் அயல்நாட்டில் ஆறு பிள்ளைகளை விட்டுவைக்க முடியாது என்பதால் நானே சேர்த்தேன்.

சென்ற ஆண்டு அந்தப் பொறுப்பாளராக நான் போனேன். ஆறு பிள்ளைகளில் ஒருத்தி கம்மாபுரத்துப் பெண். அவள் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட் அவளுடையது. நான் திரும்பும்வரை தனியாக இருக்க வேண்டாம் என்று என் மனைவி கடலூரில் தம்பி வீட்டுக்குப் போனாள். பேருந்து நிலையத்தில் என் பையை வாங்கி, மாத்திரை டப்பா இருக்கிறதா என்று துழாவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். அதுதான் அவளை நான் கடைசியாகப் பார்த்தது.

அங்கே மதிய இடைவேளையில் ஊருக்குப் பேசுவது என் வழக்கம். இங்கே அப்போது மாலை நான்கு மணி ஆகும். நான் சொன்ன அந்த நாளில் அவளுடைய எண்ணுக்கு அழைத்தேன். வெகுநேரம் கழித்து மைத்துனர் எடுத்தார். மூச்சு வாங்கியது. அக்கா எங்கே என்று கேட்டேன்.

"அக்கா ரசஞ்சோறு சாப்ட்டுட்டுத் தூங்குது மாமா. தொண்ட கட்டிக்கிச்சு. ரெண்டு நாள் பேச வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அது என்ன சத்தம் என்றேன். பக்கத்தில் மாரியம்மன் கோயிலில் ஏதோ விசேஷம் என்றார். அந்த அடியைக் கேட்டறியாதவன் அல்லன் நான். தேவனாம்பட்டினம் சாலையில் எத்தனையோ முறை அதற்கு ஒதுங்கி நின்று வழிவிட்டிருக்கிறேன். ஆனால் கோயில் என்று முதலில் சொல்லிவிட்டார். அதனால் எனக்குக் கோயில் மேளமாகவே கேட்டது. பயிற்றுநர் அம்மையார் என்ன இசை என்று கேட்டார். நான் ஸ்பீக்கரை இயக்கினேன்.

பிறகு நாள்தோறும் தொண்டை குணமாகிக்கொண்டே இருந்தது. பேசும் அளவுக்கு ஆகவில்லை. பனி மூடிய சிகரங்களைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். அவளுடைய எண்ணிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வரும். கம்மாபுரத்துப் பெண் கிளைடரில் ஏறி, இறங்கி, வார்த்தை வராமல் என் கையைப் பிடித்துக் குலுக்கிய படத்தையும் அனுப்பினேன். அதற்கும் கட்டைவிரல் வந்தது.

சென்னை விமான நிலையத்துக்கு மைத்துனர் காருடன் வந்திருந்தார். தலையில் எங்கள் திட்டத்தின் சின்னம் பொறித்த தொப்பி. விருந்தினர்களுக்குக் கொடுப்பதற்காகச் செய்தது; அவர் ஒருநாளும் அணிந்து பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. என்ன மச்சான், தொப்பியெல்லாம் பலமாக இருக்கிறதே என்று கேட்டேன்.

"வெயில் ஜாஸ்தி மாமா, அதான்."

பெற்றோர் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளை அழைத்துப் போகும்வரை அவர் சற்றுத் தள்ளி நின்றார். கடைசிப் பிள்ளையும் போனதும், எல்லாரையும் ஒப்படைத்தாகிவிட்டதா என்று இரண்டு முறை கேட்டார். நான் எழுதிய கடமையை இவ்வளவு அக்கறையுடன் நிறைவேற்றுகிறாரே என்று மெச்சிக்கொண்டேன்.

திண்டிவனம் அருகே ஓர் உணவகத்தில் காரை நிறுத்தச் சொன்னார். எனக்குப் பசியில்லை, வீட்டுக்குப் போய் அவளோடு சாப்பிடுகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. எனக்குச் சாப்பாடு, தமக்கு வெறும் டீ. நான் ஒவ்வொரு கவளமாக உண்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாம்பார் போதுமா, மோர் சொல்லட்டுமா என்று கேட்டார். நம் ஊரில் பிறந்த எவரும் அந்த உபசாரத்தை அறிவார்கள். சாவுச் செய்தியைச் சொல்லுமுன் மனிதனைச் சாப்பிடவைத்துவிடுவார்கள். சொன்ன பிறகு அவன் எப்போது உண்பான் என்று தெரியாதல்லவா? நானும் அறிவேன். அறிந்தும் மோர் வரை சாப்பிட்டு முடித்தேன்.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மழித்த தலையில் முடி அரும்பியிருந்தது. கொள்ளி வைத்தவனின் தலை.

நான் எழவில்லை, அழவில்லை. என்றைக்கு என்று கேட்டேன். சொன்னார். விடியற்காலையில் மாரடைப்பு, மருத்துவமனை வாசலை எட்டுமுன்பே முடிந்துவிட்டது. அப்படியானால் அந்த மேளம் என்றேன்.

"ஆமாம் மாமா. எடுக்குற நேரம். போன எடுக்கலன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு தெருமுனைக்கு ஓடிவந்து பேசுனேன்."

ரசஞ்சோறு சாப்பிட்டாள் என்று சொன்னாயே என்றேன். அவர் மேசையைப் பார்த்தபடி பேசினார்.

"வேற என்ன சொல்றதுன்னு தெரியல மாமா. எஸ்கார்ட் இல்லன்னா ஆறு பசங்களையும் அப்பிடியே திருப்பி அனுப்பிடுவாங்க. மாத்தி ஆள் அனுப்ப விசா கெடைக்கல. நீங்க எழுதுனதுதான் மாமா. அக்காவும் சொல்லாதடான்னுதான் சொல்லியிருக்கும்."

அவர் சொன்னதில் கடைசி வாக்கியத்தைத் தவிர எல்லாம் சரி. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று தீர்மானிக்கும் உரிமையை எந்த விதியும் அவருக்கு அளிக்கவில்லை.

கடலூர் வீட்டில் எனக்காக மிஞ்சியிருந்தது சிறிது. சாம்பலைத் தேவனாம்பட்டினத்தில் கடலில் கரைத்துவிட்டார்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருக்கலாமே என்று சில பெரியவர்கள் வாதாடினார்களாம். ஒரு வாரத்துக்கும் மேல் எப்படி என்று மற்றவர்கள் அடக்கினார்களாம். புருஷன் உயிரோடிருக்கும்போது வாய்க்கரிசி போட அவன் இல்லையே என்று ஒரு மூதாட்டி என் காதுபடவே சொன்னார். தாலியை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியத்தில், கொள்ளி வைத்தவர் மைத்துனர் என்பதால் அவர் முன்னே உட்கார்ந்தார்; நான் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் கைபேசியையும் கொடுத்தார்கள். நான் அனுப்பிய சிகரங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் கட்டைவிரல்.

அதன்பின் பல மாதங்கள் நான் மைத்துனரிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. அவர் செய்தது தவறென்று நிறுவ என்னால் இயலவில்லை என்பதே என் கோபத்தை வளர்த்தது. கம்மாபுரத்துப் பெண் இப்போது விமானப் பொறியியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் மகிழ்கிறேன். அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு வெகுநேரம் எதையும் படிக்க முடிவதில்லை.

இந்த ஆண்டு தை மாதத்தில் விதிகளைத் திருத்துவதற்காகக் குழு சிதம்பரத்தில் கூடியது. பொறுப்பாளரைப் பற்றிய அந்த இரண்டாம் வாக்கியத்தை நீக்கிவிடலாம் என்று முன்மொழிந்தவர் மைத்துனரே. எல்லோரும் என்னைப் பார்க்காமல் தலையசைத்தார்கள். நான் மறுத்தேன். விதி சரியானதுதான், பிள்ளைகளுக்கு அது தேவை என்றேன். அதோடு ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டேன்: செய்தியைத் தள்ளிப்போடலாம், ஆனால் பொறுப்பாளர் கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

புவனகிரியிலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியர் ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். போன் பண்ணா எல்லாரும் மொதல்ல கேக்குறதே வீட்டுல எப்பிடி இருக்காங்கன்னுதான். கேட்டா சொல்லிடணும்னா, அப்புறம் இந்த ரூல் எதுக்கு சார்?"

நாற்பது ஆண்டுகள் சட்டம் கற்பித்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எழுதிய இரண்டு வாக்கியங்களுக்குள் அந்த ரசஞ்சோறும், தொண்டைக்கட்டும், கட்டைவிரலும் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கின்றன. என் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். விதி எழுத்து மாறாமல் நிறைவேறியது.

இந்தக் கோடையில் பொறுப்பாளராகப் போனவர் மைத்துனர். அவருடைய தாயார், என் மாமியார், மகள் போன நாள் முதல் படுக்கையில் இருக்கிறார். அவருக்குத் துணையாகவும், திட்டத்தின் தொலைபேசியைக் கவனிக்கவும் நான் கடலூர் வீட்டில் தங்கியிருக்கிறேன். புறப்படும் நாளில் வாசலில் நின்று மைத்துனர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அம்மாவுக்கு ஏதாச்சும்னா எங்கிட்ட சொல்லிடுங்க மாமா."

பிள்ளைகளைப் பார்த்துக்கொள், போய் வா என்றேன். நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

ஒரு நாள் மாலை, நான்கு மணியளவில் அழைத்தார். பின்னணியில் பிள்ளைகளின் ஆரவாரம் கேட்டது. அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் சமையலறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன்.

"நல்லா இருக்காங்க மச்சான். ரசஞ்சோறு சாப்ட்டுட்டுத் தூங்குறாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை, பழிக்காகவும் சொல்லவில்லை. நானே பிசைந்து ஊட்டிய சோறு. கிண்ணம் இன்னும் கழுவப்படாமல் கிடந்தது. மறுமுனையில் பிள்ளைகளின் ஆரவாரம் மட்டும் தொடர்ந்தது.

"நெசந்தானே மாமா?"

உண்மைதான் என்றேன். மீண்டும் சொன்னேன். அந்த இரண்டாம் முறை என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. கைபேசியை எடுத்துக்கொண்டு போய், உறங்கிக்கொண்டிருந்த மாமியாரை எழுப்பி, அவர் காதருகே வைத்தேன். தூக்கம் கலைந்த எரிச்சலில் அவர், ஏண்டா நேரங்கெட்ட நேரத்தில் எழுப்புகிறாய் என்று மகனை ஏசினார். அந்த ஏச்சு முழுவதையும் மைத்துனர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அழுதார். ஏன் அழுகிறான் என்று மாமியார் என்னைக் கேட்டார். வெயில் என்றேன்.

மறுநாளிலிருந்து அவர் கேட்குமுன்பே நான் கைபேசியை மாமியாரிடம் கொடுத்துவிடுகிறேன். உண்மையைச் சொல்வதற்கும் சாட்சி தேவைப்படுகிற இடத்தில் எங்கள் இருவரையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது நான் அத்தனை கவனத்துடன் எழுதிய அந்த விதி. அது சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். அதை மன்னிக்க மட்டும் இன்னும் முடியவில்லை.