துவைத்திருக்கக் கூடாத சட்டை

அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்தவன் நான். நாலு புத்தகம் படித்த, ஐம்பதைத் தொட்ட ஆள் என்பதால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் ஒன்றில் நான் மேனேஜர். ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றிருந்தோம். ரிக்கோடு வரும் லாரிதான் எங்கள் எட்டுப் பேருக்கும் வீடு. சமையல், படுக்கை எல்லாம் அதிலேயே. சோப்பு, சீப்பு, கைலி வரை அங்கே பொதுச்சொத்து. ஆளுக்கொரு தகரப் பெட்டி மட்டும் சொந்தம். பூட்டு கிடையாது. ஆனாலும் ஒருவர் பெட்டியை இன்னொருவர் தொடமாட்டார்.

மூன்று நாள் மழை. வேலை நின்று, லாரிக்குள் ஒரு புளித்த நாற்றம். மற்றவர்கள் டீக்கடைக்குப் போனதும் துப்பறியக் கிளம்பினேன். மோப்பம் பிடித்துப் போய்ச் சேர்ந்தது எங்கள் டிரில்லரின் பெட்டி. சத்தீஸ்கர்க்காரர், ஒன்பது வருடம் எங்களோடு இருந்து எங்கள் பேச்சையே பேசுகிறவர். திறந்தேன். துணிகளுக்கு அடியில், இறுக்கி முடிந்த பாலித்தீன் பைக்குள், உள்ளங்கை அகலத்தில் ஒரு சட்டை. பால் கக்கிய கறையோடு. குற்றவாளி சிக்கியாயிற்று என்று முடிவுகட்டி, பரோபகாரமாகச் சோப்புத்தூளில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, லாரிக்குள் கட்டிய கயிற்றில் காயவும் போட்டேன்.

திரும்பி வந்தவர் கயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஈரச் சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

"சோப்பு வாசந்தானுங்க வருது" என்றார்.

மகள் பிறந்த நாற்பதாம் நாள் வேலைக்குக் கிளம்பியவர், அவள் உடம்பிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த சட்டையாம். பதினோரு மாதமாக ஊருக்குப் போகவில்லை.

"அதான் தெனமும் போன்ல பாப்பாவப் பாக்கறீங்கல்ல?" என்றேன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"மூஞ்சி தெரியுதுங்க சார். வாசம் வராதுங்களே."

மன்னிப்புக் கேட்டேன். பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கித் தருகிறேன் என்றேன்.

"பூட்டு எதுக்குங்க சார்? இனி அதுல என்ன இருக்குது?"

நாற்றமா? அது மறுநாளும் இருந்தது. என் படுக்கைக்கு அடியில் நான் மறந்துபோன தயிர்ச்சோற்றுத் தூக்குப்போசியிலிருந்து.

அந்த வாரமே முதலாளியிடம் பேசி அவரை ஊருக்கு அனுப்பிவைத்தேன். ஆனால் அங்கே அவர் தூக்கப்போவது நடை பழகும் குழந்தையை. நாற்பது நாள் வாசம் அங்கேயும் இருக்காது. என் மகள் அந்த வயதில் இருந்தபோது நானும் எங்கோ வெளிமாநிலத்தில் ரிக்கில்தான் கிடந்தேன். அவள் வாசம் எப்படி இருந்தது என்றே எனக்குத் தெரியாது. இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கைக்குழந்தையோடு யாராவது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால், என்னையறியாமல் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். யாரிடமிருந்து எதை எடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

விடுப்பில் என் ஊரான புதுச்சத்திரம் வந்தபோது மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"ஏனுங்க, இத்தன வருசத்துல நம்மூட்டுல ஒரு கைக்குட்டையாச்சும் தொவைச்சிருப்பீங்களா? தொவைக்கோணும்னு தோணுன அன்னைக்கு அந்தத் துணிதானுங்களா கெடைச்சுது?"